பாதி முடிந்த வீடு

குழந்தை தளர்நடை போடும் காலத்தில்தான் வீட்டு வேலையும் வந்து சேர்கிறது. ஓதம் ஏறிய சுவரும், வழுக்கும் குளியலறைத் தரையும், இடைவெளி அதிகமான மாடிக் கைப்பிடியும் பிள்ளை எழுந்து நடந்த பிறகே நம் கண்ணில் உறுத்துகின்றன. காதுகுத்துக்குச் சொந்தபந்தம் வரும், அதற்குள் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மேஸ்திரி கைக்கு முன்பணம் போகிறது. பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு முழுக்க என்ன நிறம், எந்த டைல்ஸ் என்பதுதான். வேலை முடிகிறவரை பிள்ளை எங்கே இருக்கும், யாரிடம் இருக்கும் என்பதைப் பேச யாரும் உட்காருவதில்லை.

எங்கள் வீடு பழையது. கூடத்து ஜன்னலின் கீழ்க்கட்டையில் மேலே பச்சை எனாமல், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள். பெயிண்டர் உப்புத்தாளை எடுத்த அன்றுதான் அந்தக் கட்டையின் விளிம்பைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். பொடிப்பொடியாகப் பல்தடங்கள். ஓரிடத்தில் பச்சை பெயர்ந்து மஞ்சள் தெரிந்தது. மகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் தெருவில் போகும் மாடுகளைப் பார்ப்பாள். கட்டை அவள் வாய்க்கு நேராக இருக்கிறது.

பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயம் சேர்ந்த நிறமிகளைக் கலப்பது அந்தக் காலத்து வழக்கம். இந்தியாவில் 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு பூசியவை நம் கதவுகளிலும் கம்பிகளிலும் அப்படியே இருக்கின்றன. இந்த அளவுவரை தீங்கில்லை என்று ஈயத்துக்கு எந்த அளவையும் வரையறுக்க முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஆபத்து குறைவு. உலர்ந்தபடியே தேய்த்தால் தூளாகித் தரையில் படியும். தரைதான் தவழும் பிள்ளையின் உலகம்.

“அண்ணே, தண்ணி தொட்டுத் தேய்ங்க” என்றேன்.

“வேலை இழுக்குமே தம்பி.”

“இழுக்கட்டும்ணே.”

கதவைச் சாத்தி, சந்துகளில் ஈரத்துணி வைத்து, துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியாலேயே துடைத்தெடுத்தோம். அதோடு முடியவில்லை. தின்னரைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அதைக் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஈர சிமெண்டின் காரம், பட்ட உடனே வலிக்காமலே தோலைப் புண்ணாக்கும். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் பூச்சுக்குத் தெளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தலைதான் பாரம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் திரும்ப எழ வராது, கத்தவும் முடியாது. வாளியை இரவில் கவிழ்த்து வைப்பதும், சம்ப்பு மூடியின் மேல் கல் ஏற்றுவதும் மேஸ்திரியின் பொறுப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவரோ அது வீட்டுக்காரர் பொறுப்பு என்று நினைக்கிறார்.

வேலை நடக்கும்போது பிள்ளையை எங்கே வைப்பது என்று யோசித்தால், ரோம் நகரத்துச் சான் லொரென்சோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாழடைந்த தொழிலாளர் குடியிருப்புகளை அங்கே ஒரு கட்டட நிறுவனம் செப்பனிட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பகல்களில், பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளையும் புதுச் சுவர்களையும் பாழாக்கினார்கள். பிள்ளைகளுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் ஒப்படைத்தது நிறுவனம். 1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறந்தது. உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்விமுறை அங்கே தொடங்கியது. 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அறையைத் திறந்தது சுவரைக் காப்பாற்ற எடுத்த முடிவுதான். ஆனாலும் பூட்டுப் போடாமல் இடம் கொடுத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரியவர்கள் செய்யும் வேலையைத் தானும் செய்ய வேண்டும் என்பது பிள்ளையின் நியாயமான ஆசை. மகளுக்கு ஒரு பழைய பிரஷ்ஷும் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்துப் பின்கட்டுச் சுவரைக் காட்டினோம். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். நனைந்த சுவர் காயக் காய, அவள் மறுபடி பூசினாள்.

வேலைக்கு வந்த சித்தாளுக்கும் ஒரு பையன், ஏறக்குறைய இவள் வயது. அவனை மணல் குவியல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் கலவைச் சட்டியைத் தூக்கினார். எங்களுக்குச் சில வாரங்கள் மட்டும் பாதி முடிந்த வீடு. அவனுக்கு ஆண்டு முழுக்க அதுதான் வீடு. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. ஒரு வீட்டு மராமத்துக்கு இரண்டு சித்தாள் வந்தாலே அதிகம். ஆக, அந்தப் பையனுக்குச் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் உண்டு. அவனையும் பின்கட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டு வாண்டுகளை அத்தை ஒருவரால் நாள் முழுக்கப் பார்க்க முடியாது என்பதால், பக்கத்துத் தெரு அக்காவைச் சம்பளத்துக்கு வைத்தோம்.

அடுத்து மாடியில் கம்பி வேலை இருக்கிறது. மேஸ்திரி கொண்டுவந்த மதிப்பீட்டில் கம்பி, வெல்டிங், ஆள் கூலி என்று வரிசையாக இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கான கூலியையும் அதிலேயே சேர்க்கச் சொன்னேன். “இதையெல்லாம் எந்த வேலைக்கும் எழுதினது இல்லையே தம்பி” என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வெல்டிங்குக்கு மேலே எழுதினார்.