எது முதலில் நடந்தது?

2007 ஜூலையில், எலிசபெத் ராணியைப் பற்றிய ஓர் ஆவணப்படத் தொடரின் முன்னோட்டத்தைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது பிபிசி. புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ், கிரீடத்தைக் கழற்றிவிடலாமா, அலங்காரம் குறைவாகத் தெரியுமே என்கிறார். ராணி சுருக்கென்று பதில் சொல்கிறார். அடுத்த காட்சியில், இப்படி உடுத்தியதெல்லாம் போதும் என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே அரண்மனைக்குள் நடந்து போகிறார். ராணி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று செய்தி பரவியது.

நடந்தது நேர்மாறு. அந்த நடை முதலில் எடுத்தது. அவர் படமெடுக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

இதில் ஒரு ஃப்ரேம்கூடப் பொய் இல்லை. அதே ராணி, அதே எரிச்சல், அவர் வாயிலிருந்து வந்த சொற்கள். மாறியது வரிசை மட்டும்தான். நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். சர்வர் விழுந்தால் முதலில் லாக்கைத்தான் திறப்போம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் பதிவாகியிருக்கும். அந்த நேரத்தை அழித்து வரிகளைக் கலைத்துப் போட்டால், டீமில் யார் தலையில் வேண்டுமானாலும் பழியைக் கட்டிவிடலாம். திரையில் ஓடும் காட்சிக்கு அப்படி நேரம் எதுவும் ஒட்டியிருப்பதில்லை. அடுத்தடுத்து வந்தால் முன்னது காரணம், பின்னது விளைவு என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம்.

சரி, வெட்டி ஒட்டாமல் ஆவணப்படம் எடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். 2011இல் வந்த 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில், பனிக்குகைக்குள் துருவக் கரடி தன் குட்டிகளோடு கிடக்கும் காட்சி உண்டு. ஆர்க்டிக் காட்சிகளுக்கு நடுவே வரும். அது நெதர்லாந்தில் ஒரு விலங்குக்காட்சி சாலையில் எடுத்தது என்பது பிறகு பெரிய சர்ச்சையானது. நிஜக் குகைக்குள் கேமராவை வைத்தால் தாய்க்கரடி குட்டியையோ கேமராமேனையோ கொன்றுவிடும் என்றார் டேவிட் அட்டன்பரோ. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. (காட்சி ஓடும்போதே அதைச் சொன்னால் அதன் சூழல் கெட்டுவிடும் என்றும் சொன்னார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.) இடம் வேறு, ஆனாலும் கரடிகள் அப்படித்தான் குட்டிகளை வளர்க்கின்றன. ராணியின் காட்சியிலோ இடம், ஆள், பேச்சு எல்லாம் நிஜமாக இருந்தும், அவர் செய்யாத ஒன்று அவர் பெயரில் ஏறிவிட்டது. இரண்டில் இதுதான் பெரிய தப்பு என்பேன்.

ராணிக்கு மறுநாளே மன்னிப்பு வந்தது. விசாரணை நடந்து, அக்டோபரில் பிபிசி ஒன் சேனலின் தலைவர் பீட்டர் ஃபின்சம் பதவி விலகினார். அரண்மனைக்குக் கேட்கும் பலம் இருந்தது, கேட்டால் பதில் வந்தது. ஏதோ ஒரு தெருவில் கேமரா முன்னால் பத்து நிமிஷம் மனசு விட்டுப் பேசியவர் என்ன செய்வார்? எடுத்தது முழுக்கத் தயாரிப்பாளரிடம் இருக்கிறது. இவரிடம் இருப்பது ஞாபகம் ஒன்றுதான். படம் ஒளிபரப்பாகி, பக்கத்து வீட்டுக்காரர் "ஏங்க, டிவியில அப்படிச் சொல்லிட்டீங்களே?" என்று கேட்ட பிறகு, நாம் அப்படித்தான் சொன்னோமோ என்று அதிலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.