இளைய இரசம் துவர்க்கும்



பழைய நண்பனைக் கைவிடாதே என்று சீராக்கின் ஞானநூல் ஒன்பதாம் அதிகாரத்தில் புத்தி சொல்லும் ஞானி, புதிய நண்பனைப் புதிய திராட்சை இரசத்துக்கு ஒப்பிடுகிறார். அது முதிரட்டும், அதன் பின்னரே அதை மகிழ்ச்சியோடு பருகலாம் என்பது அவர் கருத்து. நமது ஆண்டவரும் லூக்கா சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில், முதிர்ந்த இரசத்தைச் சுவைத்தவன் புதியதை நாடுவதில்லை என்ற ஊரறிந்த உண்மையை எடுத்துக் காட்டுகிறார். கேட்டவர்கள் திராட்சைத் தோட்டங்களின் நடுவே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நாங்களோ பனையும் தென்னையும் நிற்கும் மண்ணில் பிறந்தவர்கள். காலையில் இறக்கிய கள்ளு மறுநாள் புளித்துப் போவதைக் கண்டவர்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல நல்லதாகும் பானம் ஒன்று உண்டு என்பது எமக்குப் புதினமே. ஆகவே வேதாகமம் பேசும் இந்த முதிர்ச்சியை விளங்கிக்கொள்ள, போர்த்துக்கல் நாட்டின் விண்டேஜ் போட் வைனைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். குடியைப் புகழ்வது எமது நோக்கமல்ல. குடியினால் கண்ணீர் வடிக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் எல்லாப் பங்குகளிலும் உள்ளனர். அவர்கள் துயரத்தை யாரும் இலேசாக எண்ணக்கூடாது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு இந்த இரசம் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. அதற்காகவே இதை எடுத்துக்கொண்டோம்.

கல்லில் பிறந்தது

போர்த்துக்கலின் வடபகுதியில் டோரோ என்ற ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் செங்குத்தான மலைகள். ஏடேடாகப் பிளக்கும் பாறையை உடைத்து, படிக்கட்டுப் போல் வரம்பு கட்டி, அதில் திராட்சை நட்டிருக்கிறார்கள். 1756ம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு எல்லை வகுத்து, இன்ன நிலத்தில் விளைந்ததே போட் வைன் ஆகும் என்று வரையறுத்தது. கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் கடுங்குளிர். கொடியின் வேர் தண்ணீரைத் தேடிப் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்குகிறது. சுகமான மண்ணில் இந்த இரசம் பிறப்பதில்லை.

செப்டெம்பர் மாதமளவில் குலைகளை வெட்டிக் கருங்கல் தொட்டிகளில் கொட்டி, ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று காலால் மிதிக்கும் வழக்கம் இன்றும் பல தோட்டங்களில் உண்டு. சாறு நொதித்து, அதன் இனிப்பு பாதியளவு எஞ்சியிருக்கும் வேளையில், திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவில் சேர்க்கிறார்கள். நொதிப்பு நின்றுவிடுகிறது, பழத்தின் இனிப்பு உள்ளே தங்குகிறது. பின்னர் 550 லீற்றர் கொள்ளும் மரப் பீப்பாக்கள் போன்ற பெரிய பாத்திரங்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வைத்து, வடிகட்டாமலே போத்தலில் அடைக்கிறார்கள். பீப்பா என்று நாம் சொல்லும் சொல்லே, 1505ல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்ததுதான்.

முதற் சுவை

எல்லா ஆண்டுப் பழமும் விண்டேஜ் என்ற பெயருக்குத் தகுதி பெறுவதில்லை. பத்து ஆண்டுகளில் மூன்று முறையளவிலேதான் பெரும்பாலான வணிக இல்லங்கள் அவ்வாறு அறிவிக்கின்றன. அறிவிக்குமுன் இளைய இரசத்தைச் சுவைத்துப் பார்ப்பார்கள். நிறம் மை போலக் கறுத்த ஊதா. மணம் பழுத்த கரும்பழங்களின் மணம். வாயில் விட்டாலோ, முதலில் இனிப்பு, அடுத்து நெருப்பு, அதன்பின் முரசையும் நாக்கையும் இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கு அந்தத் துவர்ப்புத் தெரியும்.

பழக்கமில்லாதவன் முகத்தைச் சுளித்து, இது உதவாது என்று துப்பிவிடுவான். அனுபவமுள்ளவனும் துப்புகிறான், ஆனால் அவன் முகம் மலர்கிறது. ஏனெனில் அந்தத் துவர்ப்பே இந்த இரசத்தை இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் கெடாமல் தாங்கிக்கொள்ளப் போகிறது என்று அவன் அறிவான். தொடக்கத்திலேயே மெதுமையாய் இருப்பதை நெடுங்காலம் வைப்பதற்காக அவன் தெரிவதில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருக்கிறானா? சொன்ன சொல்லைக் கேளாமல் எதிர்த்துப் பேசுகிறானா? இரவுச் செபமாலை வேளையில், இதெல்லாம் ஏன் என்று கேள்வி கேட்கிறானா? அநியாயத்தைக் கண்டால் ஊர்ப் பெரியவர் என்றும் பாராமல் வாய் திறக்கிறானா? அது துவர்க்கும். சில வேளைகளில் உங்கள் நெஞ்சையே எரிக்கும். ஆனால் அதைக் கொண்டு, 'நீ எதற்கும் உதவமாட்டாய்' என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். தகப்பன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல், பிள்ளை தலை நரைத்த பின்னும் அவன் காதில் நின்று ஒலிக்கும்.

செபதேயுவின் மக்களாகிய யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் இடியின் மக்கள் என்றே அழைத்தார். தம்மை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் ஊரின்மேல் வானத்திலிருந்து நெருப்பு விழச் செய்யட்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள். ஆண்டவர் கடிந்துகொண்டார், ஆனால் துரத்திவிடவில்லை. அந்த யோவானே, திருச்சபையின் பாரம்பரியத்தின்படி, முதிர்ந்த வயதுவரை வாழ்ந்து அன்பைப் பற்றி நிருபங்கள் எழுதினார். நெருப்பு அணையவில்லை, முதிர்ந்தது.

மௌன ஆண்டுகள்

இன்னுமொரு விந்தை. அடைத்த முதல் மூன்று நான்கு ஆண்டுகள் இந்த இரசம் துவர்ப்போடு நல்ல மணமும் தரும். அதன்பின் பல போத்தல்கள் மூடிக்கொள்கின்றன. மணம் ஒடுங்கிவிடும், சுவை ஊமையாகிவிடும். ஐந்தாறு ஆண்டுகள், சில வேளை அதிலும் கூடிய காலம் இவ்விதம் போகலாம். அறியாதவன் கெட்டுப்போயிற்று என்பான். அறிந்தவன் போத்தலைத் தக்கை நனைந்திருக்கும்படி இருட்டில் படுக்க வைத்தபடியே விட்டுவிடுவான்.

பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர்களை வியக்கவைத்த யேசு, பின்னர் முப்பது வயதளவில் வெளிவரும்வரை நாசரேத்தில் மறைந்திருந்தார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றிச் சுவிசேஷகர்கள் கூறுவது மிகச் சொற்பம். மரியன்னை காத்திருந்தார். புனித மொனிக்கம்மாளும் தன் மகன் அகுஸ்தீனுக்காக நெடுங்காலம் அழுது செபித்துக் காத்திருந்தாள். 387ம் ஆண்டுப் பாஸ்காவில், தன் முப்பத்திரண்டாம் வயதில், மிலான் நகரில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். கோவிலுக்கு வராத மகன், கடிதம் எழுதாத மகள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் இரண்டு சொல் மட்டும் பேசும் பிள்ளை: இவர்களுடைய மௌனத்தைப் பார்த்து, விசுவாசம் செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

தெளிவை இறுத்தல்

இனி ஊற்றும் முறையைப் பார்ப்போம். இளைய இரசத்துக்கு ஒரு முறை. முதிர்ந்ததற்கு வேறு முறை.

இளையதில் மண்டி அதிகமில்லை. அதற்கு வேண்டியது காற்று. பரிமாறுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தால், இறுக்கம் தளர்ந்து மணம் விரியும். எமது இளைஞருக்கும் காற்று வேண்டும். அவர்கள் பேச இடமளியுங்கள். இடைமறியாமல் முழுவதையும் கேளுங்கள். பாதியில் மூடிவிட்டால் துவர்ப்பு மட்டுமே எஞ்சும்.

முதிர்ந்ததோ வேறு. ஆண்டுகள் செல்ல, அந்தத் துவர்ப்புப் பொருளே நிறத்தோடு சேர்ந்து கனத்து, மண்டியாய் அடியில் படிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் நாக்கைப் பிடித்த கடுமைதான் இப்போது அடியில் கிடக்கிறது! ஊற்றுவதற்கு முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைப்பார்கள். குலுக்கமாட்டார்கள். தக்கையை மெல்லக் கழற்றி, போத்தலின் கழுத்துக்குக் கீழே மெழுகுதிரியை ஏற்றி வைத்து, அந்த வெளிச்சத்தில் கை நடுங்காமல் ஒரே சீராய் ஊற்றுவார்கள். மண்டி கழுத்தை எட்டும்போது நிறுத்திவிடுவார்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டவன் முழுவதையும் கலக்கிவிடுவான்.

குடும்பங்களிலும் பழைய மண்டி உண்டு. இருபது வருடத்துக்கு முந்திய சீதனப் பேச்சு, காணி எல்லைச் சண்டை, செத்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை. கலியாணப் பந்தலில் அவற்றைக் குலுக்கி எழுப்புகிறவர்கள் நல்ல இரசத்தையே பாழாக்குகிறார்கள். மண்டி இல்லையென்று பாசாங்கு செய்யவும் வேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் செய்வதுபோல், வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அதைக் கண்டு, தெளிந்ததை எடுத்து, அடியிற் கிடப்பதை அங்கேயே விட்டுவிடப் பழகுவோம்.

எரேமியா ஆகமம் நாற்பத்தெட்டாம் அதிகாரத்தில் மோவாப் நாட்டைப் பற்றி ஒரு சொல் வருகிறது. அது பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றப்படாமல் தன் மண்டியின்மேலேயே கிடந்தது. ஆகையால் அதன் சுவை மாறவில்லை என்று இறைவாக்கினர் குறை கூறுகிறார். எமது மக்களோ பல முறை ஊற்றப்பட்டவர்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்த குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அநியாயத்தை இறைவன் விரும்பினார் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். ஆனால் ஊற்றுண்டவர்களின் விசுவாசத்தை அவர் நிலத்தில் சிந்திப்போக விடவில்லை என்று சாட்சி சொல்லலாம்.

ஞானப்பெற்றோரே!

இங்கிலாந்தின் செல்வர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஞானப்பிள்ளை பிறந்ததும், அந்த ஆண்டு இரசத்தில் ஒரு பீப்பா அளவை, ஏறத்தாழ எழுநூறு போத்தல்களை, வாங்கி வைப்பார்கள். பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகும்போது இரசமும் முதிர்ந்திருக்கும். வாங்கி வைத்தவரிற் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். இருந்தும் வைத்தார்கள்.

எமக்கு அந்தச் செல்வம் வேண்டாம். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை ஏந்தி நின்ற நாங்கள், அதன் இருபத்தொராம் வயதுக்காக எதை வைத்திருக்கிறோம்? நாளொரு செபம், ஆண்டுக்கொரு கடிதம், தவறி விழும் நாளில் திறந்திருக்கும் ஒரு கதவு: இவற்றையாவது இன்றே வைக்கத் தொடங்குவோம். கானாவூரில் நல்ல இரசத்தைக் கடைசிவரை வைத்திருந்த ஆண்டவர், எமது பிள்ளைகளின் துவர்ப்பையும் தமது காலத்தில் இனிமையாக்குவாராக. ஆமென்.