சந்தேகமும் பதவியும்

தனக்கு நிச்சயமில்லாத ஒன்றைச் செய்துகொண்டிருப்பது மனிதனுக்குச் சாதாரணம். நம்மில் பலர் அப்படித்தான் பிழைக்கிறோம். ஆனால் தனக்கு நிச்சயமில்லாத ஒன்றைச் செய்யும்படி இன்னொருவருக்கு ஆணையிடலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நஷ்டம் தன்னோடு போகிறது. இரண்டாவதில் நம் சந்தேகத்துக்கு வேறு யாரோ வட்டி கட்டுகிறார்கள். இந்தக் கேள்வியைத் தேடித் தத்துவ நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, அவிநாசி ரோட்டில் இருக்கும் கருமத்தம்பட்டியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒருவர் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

மெல்சியோர் தெ மரியோன் பிரெசில்லாக் 1813இல் தெற்குப் பிரான்ஸில் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையின் சாமியாராக 1842இல் புதுச்சேரியில் வந்து இறங்கியபோது வயது 28. சேலத்தில் கொஞ்ச காலம் பணி. பிறகு புதுச்சேரி செமினரியின் பொறுப்பு. 1846 அக்டோபர் 4ஆம் தேதி கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் ஆனபோது வயது 32. எட்டு வருஷம் கழித்து ராஜினாமாவோடு ரோமுக்குப் போனார். யாரும் அவரைத் துரத்தவில்லை. மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

அந்தக் காலத்துக் கொங்கில் ஓர் இளம் மிஷனரியின் ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இங்கே ஊர் திரண்டு கிடப்பதில்லை. தோட்டம் தோட்டமாக, கிளுவை வேலிக்குள் சாளை சாளையாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே வாரத்தில் பாதி பயணம்தான். உபதேசியார் முன்னால் போய்ச் சொல்லி வைத்திருப்பார். சாகக் கிடப்பவனுக்கு அவஸ்தைப்பூசுதல், குழந்தைக்கு ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், வரப்புத் தகராறு. ராத்திரி விளக்கடியில் தமிழ்ப் பாடம். ஜனங்களுக்கு வாரம் என்பது சந்தைகளின் வரிசை; இன்றைக்கு எந்த ஊர்ச் சந்தை என்று தெரிந்தால் கிழமை தெரிந்துவிடும். சாமியாரின் வாரமோ ஞாயிற்றுக்கிழமையை நோக்கி நகர்வது. ஆறு நாளும் தனித்தனியே வீடு தேடிப் பார்த்தவர்களை ஏழாம் நாள் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும். ஆறு நாள் கண்ணில் படாமல் இருக்க முடிந்த விஷயம் அன்றைக்கு வரிசை பிரிந்து எதிரே உட்கார்ந்திருக்கும்: யார் முன்னால், யார் பின்னால், யார் எந்த வாசல் வழியே.

இந்தச் சிக்கல் பிரெசில்லாக்கோடு தொடங்கியதல்ல. நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து சன்னியாசிக் கோலம் பூண்டார். சில பத்தாண்டுகளில் தாழ்த்தப்பட்டோருக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். புதுச்சேரிக்கு வந்த ரோமின் தூதர் தூர்னோன் 1704இல் 'மலபார் சடங்குகள்' என்று பெயரிட்டு ஒரு பட்டியலையே தடை செய்தார். ஞானஸ்நானத்தில் எச்சில் தொடுவதை விட்டுவிடுவது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, பறையர் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்கள் கொடுக்க மறுப்பது, எல்லாம் அதில் அடக்கம். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதி செய்தார். கூடவே ஒரு சலுகையும் தந்தார்: பறையருக்கென்று தனி மிஷனரிகள் இருக்கலாம். தடையும் தடையைத் தாண்டும் வழியும் ஒரே சாசனத்தில் வந்தன. இதைக் கடைப்பிடிப்பதாக இங்கே வரும் ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் 1940இல்தான் ரத்தானது.

சத்தியம் ரோமில் எழுதப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை கொங்கில் விடிந்தது. தடை எதுவரை, சலுகை எதுவரை என்பது ஒவ்வொரு சாமியாரின் வியாக்கியானத்துக்கும் வந்து சேர்ந்தது. சாதாரண சாமியார் மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று தூங்கலாம். மேற்றிராணியாருக்கு அந்த வசதி கிடையாது. அவரே சத்தியம் வாங்குகிறவர், அது மீறப்படுவதைப் பார்க்கிறவர், பார்த்தும் மறுநாள் அதே சாமியாரை அதே ஊருக்கு அனுப்புகிறவர்.

பிரெசில்லாக்கை ஜாதி ஒழிப்புக்காரராகப் படிப்பது தவறு. ஜாதி சமூக ஏற்பாடா, மத ஏற்பாடா என்ற பழைய சர்ச்சையில் அவருக்குத் தீர்மானமான பதில் கிடைக்கவில்லை. அவரைக் குடைந்தது அந்தத் தீர்மானமின்மைதான். தடையை அப்படியே அமல்படுத்தினால் கோயில் காலியாகும். விட்டுவிட்டால் சத்தியம் பொய்யாகும். தெளிவான தீர்ப்பு வேண்டும் என்று ரோமுக்கு எழுதினார். அவர் கேட்ட தெளிவு வரவில்லை. 1855இல் ராஜினாமா ஏற்கப்பட்டது.

இவருக்கு முன்னால் கொங்கிலும் மைசூரிலும் உழைத்த அபே துபுவாவை இங்கே நினைக்க வேண்டும். அவர் 1792இல் வந்து 1823இல் திரும்பினார். திரும்பிய வருஷமே, இந்துக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம் என்று பகிரங்கமாக எழுதினார். அத்தனை வருஷத்தில் தான் சேர்த்தவர்கள் இருநூறிலிருந்து முந்நூறு பேர், அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு பறையரும் பிச்சைக்காரரும் என்று கணக்குக் கொடுத்தார். அந்தக் கணக்கில் நேர்மை இருக்கிறது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கை அவர் தோல்வியின் பத்தியில் எழுதியிருக்கிறார். துபுவாவின் சந்தேகம் ஜனங்களைப் பற்றியது. பிரெசில்லாக்கின் சந்தேகம் தன் ஆணையைப் பற்றியது. இரண்டாவது அபூர்வம். பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும் சந்தேகத்தை ஜெயிப்பதில்லை, பழகிக்கொள்கிறார்கள். பழக்கத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பழக மறுத்தவர் என்ற அளவில் பிரெசில்லாக்குக்கு நம் மரியாதை உண்டு.

மரியாதை செய்தபிறகும் கேள்வி நிற்கிறது. ராஜினாமாவால் சுத்தமானது யாருடைய கை? பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அடுத்த ஞாயிறு என்ன மாறியது? வேறொரு மேற்றிராணியார் வந்தார். வடக்கன்குளத்தில் இரண்டு ஜாதிகள் தனித்தனியே உட்கார, பீடத்தில் வந்து கூடும் இரண்டு கைகளாக ஒரு கோயில் அதே நூற்றாண்டில்தான் எழுந்தது. நடுவிலிருந்த சுவர் இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டபோது விவகாரம் கோர்ட் வரைக்கும் போயிற்று. விலகினவரின் மனசாட்சி அவரோடு கப்பலேறிவிடுகிறது. அவர் மனசாட்சியை உறுத்திய மனிதன் இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

சிமோன் வெய்ல் ஞானஸ்நானம் பெறாமல் திருச்சபையின் வாசலிலேயே நின்றாள். வெளியே இருப்பவர்களை விட்டு உள்ளே போக மனமில்லை என்றாள். நாம் வியந்து படிக்கிறோம். வாசலில் நிற்பதைத் தேர்ந்துகொள்வதும் வாசலில் நிறுத்தப்படுவதும் ஒன்றல்ல என்பதைக் கொங்கில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இரட்டைத் தம்ளர் வைத்த டீக்கடைகளை நாம் பார்த்தவர்கள். அந்தக் கடைக்குள் போகமாட்டேன் என்று வீட்டில் காப்பி குடிப்பவன் நல்லவன்தான். இரண்டாவது தம்ளரில் குடித்தவனுக்கு அது தெரியக்கூட வழியில்லை.

பிரெசில்லாக்கின் சந்தேகம் முழுவதும் மேல்நோக்கிப் பேசிய சந்தேகம். கேட்கப்பட்டது ரோம், பதில் சொல்ல வேண்டியதும் ரோம். எந்த மனிதனைத் தொடலாமா, எந்த வாசல் அவனுக்கு என்று விசாரணை நடந்ததோ, அவனைச் சாட்சியாகக் கூப்பிட அந்த விசாரணையில் இடமே இல்லை. இது அவருடைய தனிப்பட்ட குற்றமல்ல. ஸ்தாபனத்தின் அமைப்பு அப்படி. ஆனால் அவருடைய வேலையிலேயே இதற்கு மாற்று ஒன்று இருந்தது. இந்த மண்ணின் பையன்கள் குருக்களாக வேண்டும், ஐரோப்பியக் குருவுக்குச் சமமாக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1844இல் புதுச்சேரி சினோது சுதேசி குருக்களை வலியுறுத்தியபின் அங்கே செமினரியை நடத்தியவர் அவர். கோயம்புத்தூரிலும் அதையே முதல் காரியமாக எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்து செமினரி வாசலிலும் ஜாதி காத்திருந்தது என்பது உண்மை. ஆனாலும், யார் தீர்ப்புச் சொல்வது என்ற இடத்தையே மாற்றக்கூடிய காரியம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையின் வேதனையைவிடத் திங்கள் முதல் சனி வரை பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்ததில் தார்மீகம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ராஜினாமாவில் அவர் விட்டுப்போனது அந்த வேலையையும்தான்.

பிறகு 1856 டிசம்பர் 8ஆம் தேதி லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஜூன் 25ஆம் தேதி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். வயது 45. 2020இல் திருச்சபை அவரை 'வணக்கத்துக்குரியவர்' ஆக்கியது. இந்த மரணத்தைக் காட்டி முந்தின கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைப்பது சுலபம். தியாகம் வாதமாகாது. ஃப்ரீடவுனில் கொடுத்த உயிர் கருமத்தம்பட்டிக் கணக்கில் வரவாகாது.

நம் சிற்றேட்டு வட்டத்தில் விலகல் ஒரு கௌரவம். கட்சியிலிருந்து, பத்திரிகையிலிருந்து, குழுவிலிருந்து விலகிய கடிதங்களை நாம் இலக்கியமாகவே படிக்கிறோம். அவற்றில் எத்தனை, யாருக்காக விலகினோமோ அவர்களுக்கு எழுதப்பட்டவை? மேலே இருப்பவருக்கும் சக எழுத்தாளனுக்கும் எழுதப்பட்டவையே அதிகம். சந்தேகத்தோடு ஆணையிடக்கூடாது என்பது சரி. அதைவிடக் கடினமானது, ஆணைக்கு உட்பட்டவனிடம் போய் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டு, அவன் சொல்வதைக் கேட்டபிறகும் அங்கேயே இருப்பது.