நிழற்படமும் புராணக் கற்பனையும்: ஓர் அறவியல் நோக்கு

கலைஞன் பொய்யுரைக்கலாமா என்பது பழைமையானதொரு வினா. நிலக்காட்சி நிழற்படத்தைக் கணினியின் துணையால் புராண உலகாக மாற்றும் இன்றைய கலை, அவ்வினாவை மீண்டும் நம்முன் வைக்கின்றது.

திருகோணமலைச் சுவாமிமலையிலுள்ள பாறைப் பிளவை எடுத்துக்கொள்வோம். இராவணன் வாளால் வெட்டியதென்னும் ஐதிகத்தால் அஃது இராவணன் வெட்டு எனப்படுகின்றது. அதனைப் படம்பிடிக்கும் கலைஞன், வானை நீக்கி வேறோரிடத்துக் கருமுகிலைப் பொருத்துகின்றான், பாறையை உயர்த்துகின்றான், பத்துத்தலை வேந்தனை அதன்மேல் நிறுத்துகின்றான். ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய படலங்களில் ஒளியும் நிழலும் இசைந்துவிடின், ஒட்டிய தடம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இத்தகைய கலப்புக் கணினியோடு தோன்றியதன்று. 1850களின் நிழற்படத் தகடுகள் நீலவொளியை மிகையாக ஏற்றமையால், நிலம் தெளிவாகப் பதியும்போது வானம் வெறும் வெண்மையாயிற்று. எனவே குஸ்தாவ் லெ கிரே கடலையும் வானையும் தனித்தனியே எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். 1857இல் ஒஸ்கார் ரெயிலாண்டர் 30க்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஓர் உருவகச் சித்திரத்தை ஆக்கினார். இலங்கையில் லயனல் வென்ட் (1900–1944) படக்கலவை முறையைக் கையாண்டார். 1990இல் வெளிவந்த போட்டோஷொப், இருட்டறையிற் சிலருக்கே கைகூடிய வித்தையைப் பலருக்கும் உரியதாக்கிற்று. ஆதலின் கலப்பையே குற்றமெனக் கொள்வோமாயின், நிழற்படக் கலையின் முன்னோடிகளையே குற்றவாளிகளாக்க நேரிடும்.

சிற்பி கல்லிற் பத்துத்தலை செதுக்கும்போது எவரும் ஏமாறுவதில்லையே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். ஆயின் சிற்பம் தன்னைச் சாட்சியென்று கூறிக்கொள்வதில்லை. நிழற்படமோ "இஃது இருந்தது" என்னும் உறுதியைத் தாங்கி வருகின்றது. 1917இல் இங்கிலாந்தின் கொட்டிங்லியில் இரு சிறுமியர் காகிதத்தில் வரைந்த தேவதைகளை அருகே நிறுத்திப் படமெடுத்தனர். ஆர்தர் கொனன் டொயில் 1920இல் அவற்றை மெய்யென நம்பி எழுதினார். அவை காகித உருவங்களே என்பதை அவ்விருவரும் 1983இலேயே ஒப்புக்கொண்டனர். அங்கு படலங்கள் ஒட்டப்படவில்லை. எனினும் வஞ்சனை நிகழ்ந்தது. மாறாக, 1982இல் நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை தன் அட்டைப்படத்திற் கீசாப் பிரமிட்டுகளைக் கணினியால் நெருக்கமாக்கியபோது புராணம் எதுவும் சேர்க்கப்படவில்லை; எனினும் செய்திப்படமாக அது முன்வைக்கப்பட்டமையாற் கண்டனம் எழுந்தது. எனவே பொய்மை, படத்தை ஆக்கிய முறையிலன்றி, அதனை இன்னதென்று கூறி வழங்கும் கூற்றிலேயே தங்கியுள்ளது.

அங்ஙனமாயின், "இது கற்பனை" என்னும் குறிப்பொன்று போதுமா? போதாது என்பதே எமது கருத்து. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையின் உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்பர்; சைவர் சிவனுடையதென்பர்; இஸ்லாமியர் ஆதமுடையதென்பர். அம்மலையின் படத்தில் ஒரு மரபின் தெய்வவுருவை எழுப்பி, ஏனையோரின் சின்னங்களைத் துடைத்துவிடுவோமாயின், நம் குறிப்பு சேர்த்ததை மட்டுமே ஒப்புக்கொள்ளும். அழித்ததைப்பற்றி மௌனம் சாதிக்கும். நிலத்தின்மீது உரிமை கோரும் சச்சரவுகளால் நலிந்த நம்மவர்க்கு இம்மௌனத்தின் விளைவை விளக்கவேண்டியதில்லை.

புராணத்தை நிலத்தில் ஏற்றிக் காண்பது மனித இயல்பு. அதனைத் தடுப்பது கலையையே தடுப்பதாகும். எனினும் தான் சேர்த்ததை மறையாதிருத்தலும், தான் நீக்கியது எவருடையதென எண்ணிப் பார்த்தலும் கலைஞனின் கடப்பாடுகளாம். இவற்றுள் இரண்டாவதே அரிது. இன்று நமக்குப் பெரிதும் வேண்டப்படுவதும் அதுவே.