மென்பொருள் விடுதலையும் இணையத் தொலைக்காட்சியும்: ஓர் அறவியல் நோக்கு

தொலைக்காட்சி இணையத்திற்குப் பெயர்ந்துவரும் இந்நாளில், காட்சியைக் காணும் உரிமையோடு அதனைக் காட்டும் கருவியை அறியும் உரிமையும் வேண்டுமா என்பது அறவியல் வினாவாகும். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளை இயக்கவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் பயனருக்கு உரிமை உண்டு என்பார். இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு, பெங்களூருவின் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம் பங்கேற்க 2008இல் தொடங்கப்பெற்ற பாட்.மா காணொளிக் காப்பகம் சான்றாகும். அதனை இயக்குவது கட்டற்ற மென்பொருளே.

பூட்டின்றேல் படைப்பாளிக்கு ஊதியமில்லை என்பர் மறுப்போர். இக்கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், 2012இல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டமே, 65அ பிரிவில், தான் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கிற்காகப் பூட்டைக் கடத்தலுக்கு விலக்களிக்கிறது. பூட்டின் அமைப்பு மறைக்கப்படுமாயின் அவ்விலக்கு ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே, ஊதியம் தருதல் காண்போர் கடன். அதன்பொருட்டு அறியும் உரிமையை இழத்தல் அவர்தம் கடனன்று என்பது பெறப்படும்.