புகலிடத்தின் வாயிலில் துப்பாக்கி

மருத்துவமனைக்குள் ஒருவர் தம் துப்பாக்கியோடு நுழையலாமா? இக்கேள்வி அமெரிக்க நாட்டாருக்கு உரியது, மதுரையில் இருக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று அன்பர்கள் சிலர் கருதக்கூடும். 2024 ஜூலை 14 அன்று தில்லி குரு தேக் பகதூர் மருத்துவமனையில், படுக்கையில் கிடந்த நோயாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வந்தவர்கள் தேடியது வேறொருவரை. ஆள் மாறிப் போயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அதே நகரத்துச் சிறு மருத்துவமனை ஒன்றில், காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் மருத்துவரையே சுட்டனர். 2025 ஜூலை 17 அன்று பாட்னாவில் ஐவர் கைத்துப்பாக்கி ஏந்தித் தனியார் மருத்துவமனையின் நடைவழியில் நடந்து சென்று, சிகிச்சையில் இருந்த ஒருவரைக் கொன்று திரும்பினர். கேள்வி கடல் கடந்ததன்று.

இச்செய்திகளைப் படிக்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் ஒருவர் நம்மிடம் வந்து, “அம்மா, கொலை செய்யக் கிளம்பியவன் வாயிற்பலகையைப் படித்துவிட்டா உள்ளே வருகிறான்? தடை என்னைத் தானே தடுக்கும்?” என்று கேட்டால், அவரை நகைத்து ஒதுக்க இயலாது. நம் நாட்டிலும் அவ்வுரிமைக்கு வரலாறு உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை நம்மவர் அவமதிப்பாகவே கருதினர். 1931இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. காந்தியடிகள் வாழ்ந்த காலத்துக் காங்கிரஸ் அது என்பதை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. பின்னர் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்க விழைந்தார். அம்பேத்கர் உடன்படவில்லை. இன்று அரசியலமைப்பு நமக்கு அளிப்பது, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையே. துப்பாக்கி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமத்தால் வருவது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருத்தல் இயலாது.

அவ்வுரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று நம் கருத்தைக் கவர்ந்தது. தனி அனுமதியின்றிச் சந்தைக்கும், சமய ஊர்வலத்துக்கும், மக்கள் திரளும் கூட்டத்துக்கும், கல்வி நிலைய வளாகத்துக்கும் ஆயுதத்தைக் கொண்டு செல்லலாகாது என்பது அது. பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த நமக்கு இது மகிழ்ச்சியே. ஆயினும் மருத்துவமனை என்னும் சொல் அவ்வரிசையில் இல்லை. 1954இல் தோன்றிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு இராசாசி மருத்துவமனையைக் கல்வி நிலையம் என்று வாதிட்டு நிறுவிவிடலாம். மாணவர் எவரும் பயிலாத மருத்துவமனைக்கு அந்த வாதம் எட்டுமா?

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் இதே இடத்தில் தடுமாறிற்று. 2013இல் அங்கு ஒரு சட்டம் வந்தது: பொதுக் கட்டடங்களுள் மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கியை அனுமதிக்க வேண்டும், அல்லது வாயில்தோறும் சோதனைக் கருவியும் காவலரும் வைக்க வேண்டும். நான்காண்டு விலக்குக்குப் பின் 2017 ஜூலை முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வரவிருந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையார் எண்ணற்ற வாயில்களுக்கு எங்ஙனம் காவல் வைப்பது என்று முறையிட, அவ்வாண்டே பொது மருத்துவமனைகளுக்கு நிலையான விலக்கு தரப்பட்டது. செலவுக் கணக்கால் கிடைத்த விலக்கு என்றுதான் நாம் இதனைக் கொள்கிறோம். செலவு குறைந்தால் துப்பாக்கி உள்ளே வரலாம் என்று பொருளாகிவிடும் அன்றோ?

நம் அறநூல்கள் இவ்வினாவை வேறு விதமாக அணுகும். இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது சங்கல்ப இம்சை. எண்ணித் துணிந்து உயிர்க்கொலை செய்தல். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருபவனைத் தடுக்கையில் நேரும் விரோதி இம்சையை முற்றும் துறத்தல் முனிவர்க்கே விதிக்கப்பட்டது. கோமடேசுவரரைச் சிரவணபெளகொளாவில் நிறுவிய சாமுண்டராயரே வாளேந்திய படைத்தலைவர்தாம். ஆதலின், மலையடிவாரத் தோட்டத்தில் தனித்து வாழும் உழவர் ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பதை, அகிம்சையின் பெயரால் நாம் ஒரே சொல்லில் கண்டித்துவிட முடியாது. நம்மவருள் சிலர் இவ்வாறு கண்டிப்பதைக் கேட்கிறோம். எளிய பேச்சு அது.

ஆனால் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் பயனில்லாத் தீவினைகளாகிய அனர்த்த தண்டங்கள் ஐந்தினுள் இம்சாதானத்தையும் வைக்கிறது. கொலைக் கருவிகளைப் பிறர் கைக்குக் கொடுத்தல் அது. நம் அருங்கலச்செப்பும் இவ்வழியே செல்லும் நூல். ஆகவே இங்கே ஆராய வேண்டியது துப்பாக்கிக்காரரின் அறம் ஒன்று மட்டுமன்று. கதவைத் திறந்துவிடும் மருத்துவமனையின் அறமும் ஆகும். அழுகையும் உறக்கமின்மையும் கோபமும் நிறைந்த கூடத்துக்குள் கருவியை அனுமதிப்பவர், அங்குள்ள எல்லோர் கைக்கும் எட்டும் தொலைவில் அதனை வைக்கிறார்.

உரிமம் என்பது ஒருவருடைய நிதானத்தை நம்பி அரசு தருவது. அந்நிதானம் நில்லாத இடம் மருத்துவமனை. குரோதம் முதலான கஷாயங்கள் நல்லோர் உள்ளத்திலும் அங்கே பொங்கி எழும். 2022 ஜூன் 1 அன்று அமெரிக்காவின் டல்சா நகர மருத்துவமனை வளாகத்தில், முதுகு அறுவைக்குப் பின்னும் வலி தீராத நோயாளி ஒருவர், தம் மருத்துவரையும் வேறு மூவரையும் சுட்டுக் கொன்று தாமும் மாண்டார். அவர் ஏந்திய நீள்துப்பாக்கி அன்றைய நாளே கடையில் சட்டப்படி வாங்கப்பட்டது. வாங்கும்போது அவர் சட்டத்தை மதிக்கும் குடிமகன். சில மணி நேரத்தில் அவ்வாறில்லை. நம்மிடம் கேள்வி கேட்ட துப்பாக்கிக்காரர்க்கு விடை இங்கேதான் இருக்கிறது. பலகை தடுப்பது கொலைகாரனை அன்று; தாயை இழந்த அந்த நாழிகையில் அவரையே.

திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், சமணப் பள்ளியைச் சார்ந்து ‘அஞ்சினான் புகலிடம்’ ஒன்று இருந்ததைக் கல்வெட்டு கூறும். அஞ்சி ஓடிவந்தவன் எவனாயினும் அவனுக்கு அடைக்கலம். துரத்தி வந்தவன் தன் ஆயுத உரிமையை அவ்வாயிலில் பேசியிருக்க முடியுமா? அபயதானமும் ஔஷத தானமும் ஒருங்கே நிகழும் இடம் இன்று மருத்துவமனை ஒன்றே. மயக்க மருந்தில் கிடப்பவர் பக்கத்துக் கட்டிலின் துப்பாக்கிக்கு இசைவு தரவும் இயலாது, எழுந்து ஓடவும் இயலாது.

துப்பாக்கியைத் தடுத்துவிட்டால் போதுமா? போதாது. 2023 மே 10 அன்று கேரளத்துக் கொட்டாரக்கரையில், காவலர் அழைத்து வந்த ஒருவரே அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்து இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றார். 2024 நவம்பரில் சென்னைக் கிண்டியில், நோயாளி ஒருவரின் மகன் கத்தியோடு வந்து மருத்துவரைத் தாக்கினார். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைக் காக்கும் சட்டம் 2008 முதலே இருக்கிறது. ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னும் ஆயுதக் காவலரை உள்ளே நிறுத்துக என்னும் குரல் எழுகிறது. மருத்துவர்களின் அச்சம் மெய்யானது. அதனைச் சிறிதாக்க நாம் விரும்பவில்லை. ஆனால் நோயாளிப் பிரிவுக்குள் நிற்கும் காவலரின் துப்பாக்கியும், கொட்டாரக்கரைக் கத்தரிக்கோலைப் போலப் பிறர் கைக்கு மாறக்கூடியதே. ஆயுதக் காவல் வெளிவாயிலோடு நிற்கட்டும். கைதியோடு வரும் காவலர் மட்டும் விலக்கு. அவரும் கைதிகள் பிரிவின் கதவருகே நிற்பது நன்று.

உள்ளே வேண்டியவர் வேறு. கோரிப்பாளையத்தில் இறங்கிப் பனகல் சாலை வழியே இராசாசி மருத்துவமனைக்கு வரும் தேனி, சிவகங்கை, இராமநாதபுரத்துக் குடும்பங்களை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளி உள்ளே, உறவினர் தரையில். என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. இரவு முழுதும் விழித்த பயிற்சி மருத்துவருக்கு நின்று பேச நேரமில்லை. ஒவ்வொரு பிரிவிலும், பொறுமையாய் விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்தினால், அவர் தடுக்கும் அடிதடிகளைக் காவலரால் தடுக்க முடியாது என்பது நம் துணிபு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இவ்வூரில் எத்தனை பேர் வீட்டில் சும்மா இருக்கிறோம்!

துப்பாக்கிக்கான ஏற்பாடு கடினமன்று. தேர்தல் காலத்தில் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, இரசீது பெற்று, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கின்றனர்.  அதே முறையில் மருத்துவமனை வாயிலில் ஓர் இரும்புப் பெட்டகம், ஒரு பொறுப்பாளர், ஒரு இரசீதுப் புத்தகம் வைக்கலாம். உரிமத்தின் நிபந்தனையில் கல்வி நிலையத்துக்கு அருகே மருத்துவமனை என்னும் ஒரு சொல்லை மத்திய அரசு சேர்த்தால், அப்பெட்டகத்துக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்துவிடும்.