திருத்தமும் நேர்மையும்

உள்ளதை உள்ளவாறே கூறுதல் நேர்மை எனப்படும். ஆயின், விஞ்ஞானி தன் கருவி கூறியதை உள்ளவாறே ஏற்பதில்லை. திருத்திய பின்னரே ஏற்கின்றான். இது நேர்மையாகுமா?

ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் புரோத்தன்கள் மோதும்போது, உணர்கருவிகள் பதிவு செய்வன மின்துடிப்புகளையே. கதிர்வீச்சினாலும் வெப்பநிலை மாற்றத்தினாலும் அக்கருவிகளின் இயல்பு நாளடைவில் மாறுகின்றது. ஆதலால், கணனித் தொகுதிகளில் இயங்கும் நிரல்கள் அத்துடிப்புகளைத் திருத்திச் சக்தியளவுகளாக மாற்றுகின்றன. அளவுத்திருத்தம் எனப்படும் இப்பணிக்கு, முன்னரே திட்டமாக அறியப்பட்ட ஒன்று அளவுகோலாகின்றது. இசெட் போசனின் திணிவு, சக்தியளவில், ஏறத்தாழ 91.19 கிகா இலத்திரன்வோற்று ஆகும். கருவி வேறொரு பெறுமானத்தைக் காட்டின் பிழை கருவியினதே எனக் கொள்ளலாம். அறிந்ததைக் கொண்டு கருவியைத் திருத்தி, அக்கருவியைக் கொண்டு அறியாததை அளத்தலில் குற்றமில்லை.

குற்றம் பிறப்பது யாண்டு? அறியாததை அளக்கும்போதும், எதிர்பார்த்த விடை வரும்வரை திருத்தி, வந்தவுடன் நிறுத்திவிடுதலிலேயாம். இதற்கு வஞ்சக எண்ணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு திருத்தமும் தன்னளவில் நியாயமானதாக இருக்கலாம். நிறுத்திய இடத்திலேயே பிழை உறைகின்றது.

2011 செப்டெம்பரில் ஒப்பெரா ஆய்வுக்குழுவினர் வியப்பூட்டும் செய்தியொன்றை வெளியிட்டனர். சேர்ணிலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீற்றர் கடந்து இத்தாலியின் கிரான் சாசோவை அடைந்த நியூத்திரினோக்கள், ஒளியினும் ஏறத்தாழ 60 நனோசெக்கன் முந்தி வந்தன என்பதே அது. உலகம் ஐயுற்றது, அவர்களும் பிழையைத் தேடினர். ஒளியிழை வடமொன்று சரிவரப் பொருத்தப்படாமை 2012 இல் வெளிப்பட்டது. அவ்வடம் எதிர்பார்த்த விடையையே தந்திருப்பின், அதனை எவரேனும் சோதித்திருப்பரா? விரும்பாத விடையை மாத்திரம் ஐயுறுதல் பக்கச்சார்பே.

இதனை உணர்ந்த பௌதிகவியலாளர் மறைப்பாய்வு முறையைக் கைக்கொள்கின்றனர். ஹிக்ஸ் போசனைத் தேடிய சி.எம்.எஸ். குழுவினர், 2012 ஆம் ஆண்டுத் தரவுகளில் அத்துணிக்கை தோன்றக்கூடிய பகுதியை மறைத்துவைத்தே ஆய்வு முறைகளை வகுத்தனர். அதன் பின்னரே திரையை நீக்கினர். பக்கஞ்சாரேன் என உறுதிகூறுவதினும், சாரும் வாய்ப்பையே தமக்கு மறுத்துக்கொள்வது மேலானதன்றோ?

திரை நீங்கிய பின் பிழையொன்று புலப்படின் யாது செய்வது? திருத்தவே வேண்டும். ஆனால், திருத்தியமையையும் அதனால் விடை மாறிய அளவையும் மறையாது உரைத்தல் கடன். சாசனமொன்றின் சிதைந்த எழுத்துகளை ஊகித்து நிரப்பும் வரலாற்று மாணவனுக்கும் இக்கடன் உண்டு. எவை கல்லில் உள்ளன, எவை தான் நிரப்பியவை என அவன் வேறுபடுத்திக் காட்டும்வரை, அவனது திருத்தமும் நேர்மையின்பாற்பட்டதேயாகும்.